பொம்மையாகப் படுத்தவள்

அந்தப் பயிற்சி மையத்துக்கு வர வேண்டிய பொம்மை தவணை முறையில் வந்தது. முதல் தவணையில் வந்தது ஒரு கால். இடது கால். முட்டி மடங்கும், கணுக்கால் சுழலும், விரல்களுக்கு நகம்கூட வரைந்திருந்தார்கள். மீதி உடம்பு அடுத்த வாரம் வந்துவிடும் என்று கூடவே ஒரு சேதியும் வந்தது. அந்த அடுத்த வாரம் எந்த நாட்காட்டியிலும் அச்சாகவில்லை. வந்த காலை வீணாக்குவானேன் என்று வகுப்பறைக் கதவு சாத்திக்கொள்ளாதபடி அதை முட்டுக் கொடுத்து வைத்தார்கள். புதிதாக வருபவர்கள் கதவிடுக்கில் யாரோ மாட்டிக்கொண்டதாக நினைத்து அலறுவார்கள். மையத்தைப் பார்வையிட வந்த ஒரு பெரிய மனிதர் அந்தக் காலை மிதித்துவிட்டு அதனிடம் மன்னிப்புக் கேட்டார் என்றும் ஒரு பேச்சு உண்டு. சொன்னவர்களை நம்பலாம். அவர்களில் நானும் ஒருத்தி.

மையம் இருந்தது ஒரு முதியோர் இல்லத்தின் பின்கட்டில். இல்லம் பெரியது. படுக்கையிலிருந்து எழ முடியாதவர்களும், எழுந்தால் எங்கே போவதென்று மறந்துபோனவர்களும்தான் அங்கே அதிகம். கட்டில்கள் கூடிக்கொண்டே போயின, கைகள் கூடவில்லை. வேலைக்கு வந்தவர்கள் முதுகைப் பிடித்துக்கொண்டு திரும்பிப் போனார்கள். ஆள் கிடைக்காவிட்டால் ஆளைத் தயாரித்துக்கொள்வது என்று நிர்வாகம் ஒரு வழி கண்டது. ஒரு வருடத் தொழில் பழகுநர் பயிற்சி. காலையில் வார்டில் வேலை, பிற்பகலில் வகுப்பு, கடைசியில் செய்முறைப் பரீட்சை. தேறினால் நிரந்தர வேலை, பின்னால் பணியாளர் குடியிருப்பில் ஓர் அறை.

அந்த அறைக்காகத்தான் இந்தக் கதைக்கு உரியவள் சேர்ந்தாள். சட்டைக்குப் பொத்தான் வைக்கும் தொழிற்சாலையில் இருந்தவள், தொழிற்சாலை பூட்டிய பிறகு அண்ணன் வீட்டில் இருந்தாள். கட்டியவன் போய்ச் சேர்ந்து வெகுகாலம். அண்ணன் வீட்டின் கடைசி அறையில் இவளோடு தண்ணீர் மோட்டாரும் குடியிருந்தது. மோட்டார் ஓடும் நேரம் அது பேசும், இவள் கேட்பாள். நின்ற நேரம் அண்ணி பேசுவாள், அப்போதும் இவள்தான் கேட்பாள்.

எடை என்று சொல்லிக்கொள்ள இவளிடம் ஒன்றுமில்லை. காற்று பலமாக அடித்தால் கொடியில் காயும் துணியோடு சேர்த்து இவளுக்கும் கிளிப் மாட்ட வேண்டும். ஒருமுறை மருந்துக்கடை எடை மெஷினில் ஏறி நின்றபோது, யாரும் ஏறவில்லை என்று நினைத்துக் கடைக்காரர் மெஷினை உள்ளே தூக்கிப்போய்விட்டார் என்பார்கள். இறங்கி வர இவளுக்குக் கூச்சமாம்.

சொல்லிக்கொடுக்க வந்தவர் ஓய்வு பெற்ற தலைமை நர்ஸ். எல்லோருக்கும் அவர் சிஸ்டர்தான். குரலாலேயே காயத்துக் கட்டைப் பிரித்துவிடக் கூடியவர். முதல் வகுப்பிலேயே அவர் காலியாகக் கிடந்த பயிற்சிக் கட்டிலைப் பார்த்தார், கதவோரம் நின்ற காலைப் பார்த்தார், பிறகு வகுப்பைப் பார்த்தார்.

"பொம்மை வர்ற வரைக்கும் யாராவது ஏறிப் படுங்க."

ஒருவரும் அசையவில்லை. பிணம் மாதிரிப் படுக்க யாருக்குப் பிடிக்கும்?

"ஏய், நீதான் இருக்கியா இல்லையான்னே தெரியாம இருக்கே. நீ ஏறு."

இவள் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறிப் படுத்தாள்.

"உனக்குப் பக்கவாதம். பேசக் கூடாது. கை காலை அசைக்கக் கூடாது. என்ன பண்ணினாலும் நோயாளி மாதிரியே இருக்கணும். வேணும்னா கண்ணைச் சிமிட்டிக்கோ."

"வார்டுல போய்க் கண்ணைச் சிமிட்டினா தாத்தாங்க எழுந்து உட்கார்ந்துடுவாங்க சிஸ்டர், பக்கவாதமே ஓடிப்போயிடும்" என்றாள் பின்வரிசையிலிருந்து ஒருத்தி.

அவள்தான் எக்ஸ்பிரஸ். பிஸ்கட் தொழிற்சாலையில் பொட்டலம் கட்டியவள். இத்தனை பெட்டிக்கு இத்தனை கூலி என்று வாங்கிப் பழகிய கை. ஒரு நிமிடம் சும்மா வைத்திருந்தால் அந்தக் கைக்குக் காய்ச்சல் வந்துவிடும். அவளுடைய குழந்தை வேறோர் ஊரில் பாட்டி வீட்டில் வளர்ந்தது. குடியிருப்பில் அறை கிடைத்த அன்றே போய்த் தூக்கி வந்துவிடுவதாகப் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அன்றோடு இவளுக்குப் பெயர் 'பொம்மை' என்றாயிற்று. வீட்டில் விஷயம் தெரிந்ததும் அண்ணி விழுந்து விழுந்து சிரித்தாள்.

"நின்னுக்கிட்டுப் படிக்கிறவங்களைப் பாத்திருக்கேன், நடந்துக்கிட்டுப் படிக்கிறவங்களைப் பாத்திருக்கேன். படுத்துக்கிட்டே படிக்கிற படிப்பு இதுதான்டி. பாஸாயிட்டா என்ன வேலை கொடுப்பாங்க? இன்னும் பெரிய கட்டிலா?"

"விடு, அவளுக்காவது தூக்கம் கிடைக்குது" என்றார் அண்ணன். அவர் ஆதரவாகப் பேசினால் அந்த அளவுக்குத்தான் பேசுவார்.

கட்டிலில் படுத்துக் கிடப்பவளுக்கு வகுப்பு முழுவதும் கைகளாகத்தான் தெரிந்தது. யார் கை சில்லென்று இருக்கும், யார் நகம் வெட்டாமல் வருவார், யார் சட்டையை விலக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வார், யார் திருப்பிக்கொள்ள மாட்டார், எல்லாம் மனப்பாடம். ஒருவருக்கும் தெரியாத ஒரு காரியத்தையும் அவள் செய்யத் தொடங்கினாள். செக்யூரிட்டி வேலையிலிருந்து வந்த ஒரு பெரியவர் அந்த வகுப்பில் இருந்தார். நோயாளியைப் பக்கவாட்டில் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். அப்படிப் புரட்டாவிட்டால் முதுகில் படுக்கைப் புண் வந்துவிடும். அவர் தோளைத் தள்ளினால் இடுப்பு வராது, இடுப்பைத் தள்ளினால் தோள் வராது. பாவம், வியர்த்துக் கொட்டியது.

"என்னய்யா, கேட்டைத் தள்ற மாதிரித் தள்றே? இதுகூட வரலேன்னா திரும்பிப் போய் கேட்லயே நில்லு" என்றார் சிஸ்டர்.

பொம்மைக்கு மனசு கேட்கவில்லை. போர்வைக்கு அடியில் இடுப்பை ஒரு விரல் உயரம் தூக்கிக் கொடுத்தாள். உடம்பு தானாக உருண்டது.

"பாத்தியா, இப்ப வந்துடுச்சு!" என்றார் சிஸ்டர்.

செக்யூரிட்டிக்குக் கண் கலங்கிவிட்டது. பொம்மைக்கும் உள்ளே ஏதோ குளிர்ந்தது. எங்கே போனாலும் ஒதுங்கி நின்றே பழகியவள், படுத்த இடத்திலிருந்து ஒருவருக்கு உபகாரம் செய்துவிட்டாள். அதற்குப் பிறகு நிறுத்த முடியவில்லை. சட்டை மாற்றுகிறவர்களுக்குக் கையை லேசாக நீட்டுவாள். உட்கார வைக்கிறவர்களுக்கு முதுகை நிமிர்த்துவாள். சிஸ்டர் நாற்காலியில் உட்கார்ந்து தூரத்திலிருந்து பார்ப்பார், எல்லோரையும் பலே என்பார். அந்தக் குழு மாதிரி ஒரு குழு வந்ததே இல்லை என்று நிர்வாகியிடமும் சொல்லிவிட்டார். வந்ததே அந்த ஒரு குழுதான் என்பது வேறு விஷயம்.

ஊட்டிவிடும் பாடம் வந்தது. பக்கவாதம் வந்தவர்களுக்குத் தொண்டையும் பாதி தூங்கிவிடும். மசித்த உணவை அரை ஸ்பூன் கொடுத்து, தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்து, வாய் காலியானது தெரிந்த பிறகே அடுத்த ஸ்பூன் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் உணவு மூச்சுக் குழாய்க்குள் போய்விடும். சிஸ்டர் இதைத் தெளிவாகத்தான் சொன்னார். எக்ஸ்பிரஸும் தெளிவாகத்தான் கேட்டுக்கொண்டாள். ஆனால் ஸ்பூனைக் கையில் எடுத்ததும் அந்தக் கைக்குப் பிஸ்கட் தொழிற்சாலை ஞாபகம் வந்துவிடும். ஒன்று, அடுத்தது, அதற்கும் அடுத்தது என்று வந்துகொண்டே இருக்கும்.

பொம்மை என்ன செய்தாள்? விழுங்கினாள். ஸ்பூன் உதட்டைத் தொடுவதற்குள் முந்தையதை இறக்கிவிட்டு வாயைத் திறந்து வைத்தாள். கிண்ணம் காலி. ஒரு சொட்டு சிந்தவில்லை.

"கை சுத்தம், வேகமும் இருக்கு. கத்துக்கங்கடா" என்றார் சிஸ்டர் மற்றவர்களிடம்.

"அக்கா, நீ இருக்கிற வரைக்கும் எனக்குப் பயமே இல்ல" என்று எக்ஸ்பிரஸ் அவள் கன்னத்தைத் துடைத்துவிட்டாள். துடைத்ததும் வேகமாகத்தான்.

வார்டில் பொம்மைக்குத் தூக்கும் வேலை எதையும் கொடுக்கவில்லை. கட்டிலில் இருந்தவர்கள் ஒவ்வொருவரும் இவளைப் போல இரண்டு பேர் கனம் இருந்தார்கள். தலை வாருவது, நகம் வெட்டுவது, ஊட்டிவிடுவது, இவ்வளவுதான். சன்னலோரக் கட்டில் கண்டக்டர் இவள் பொறுப்பு. காலமெல்லாம் பஸ்ஸில் நின்றவர், இப்போது படுத்திருந்தார். பேச்சு போய்விட்டது, வலது பக்கம் முழுவதும் போய்விட்டது. இடது கை மட்டும் கட்டில் கம்பியைப் பிடித்தபடி இருக்கும். முதல் நாள் இவள் ஊட்டியபோது அந்தக் கை கம்பியில் ஒரு தட்டு தட்டியது. இவள் ஸ்பூனை நிறுத்தினாள். அவர் மெல்ல விழுங்கினார். பிறகு இரண்டு தட்டு தட்டினார். நிறுத்தத்துக்கு ஒரு மணி, புறப்பட இரண்டு மணி. பஸ்ஸில் போனவர்களுக்குத் தெரியாதா?

"ரைட், போலாம்" என்று இவள் அடுத்த ஸ்பூனை எடுத்தாள்.

கண்டக்டரின் ஒரு பக்க வாய் சிரித்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு சாப்பாடும் ஒரு பிரயாணம்தான். நிறுத்தத்துக்கு நிறுத்தம் நின்று போகும் பஸ். கிண்ணம் முடிய முழு மதியமும் ஆகும். "என்ன, இன்னும் ஊர் வந்து சேரலையா?" என்று மற்றவர்கள் கேலி பேசுவார்கள். "சில்லறை இல்லைன்னு இறக்கி விட்டுட்டார்" என்பாள் பொம்மை. அவளுக்கும் கேலி வரும் என்பது அந்த வார்டுக்கு மட்டும்தான் தெரியும்.

பரீட்சை நெருங்கியது. வெளியிலிருந்து ஓர் அம்மாள் பரீட்சை எடுக்க வருவார் என்றார்கள். சிஸ்டருக்குப் பதற்றம். புரட்டத் தடுமாறியவர்களுக்குச் சாப்பாட்டு நேரத்திலும் கூடுதல் பயிற்சி வைத்தார். ஒரு நாள் மதியம் பொம்மை கண்டக்டரின் தலையை நிமிர்த்தித் தலையணை வைத்துக் கிண்ணத்தைக் கையில் எடுத்த நேரத்தில் கூப்பிட்டு அனுப்பிவிட்டார்கள். பொம்மை இல்லாமல் வகுப்பு எப்படி நடக்கும்?

எதிர்க் கட்டிலில் வேலையை முடித்துவிட்டு எக்ஸ்பிரஸ் நின்றிருந்தாள்.

"கொடுக்கா, நான் பாத்துக்கிறேன்."

"ரெண்டு தட்டு தட்டினாதான் அடுத்தது, தெரியுமில்ல?"

"அட, தெரியும் போக்கா. நான் பஸ்ல போனதே இல்லையா?"

பயிற்சிக் கட்டிலில் பொம்மை படுத்தாள். செக்யூரிட்டி புரட்டத் தொடங்கினார். கதவை அந்த இடது கால் திறந்து வைத்திருந்தது. வராந்தாவுக்கு அந்தப் பக்கம்தான் வார்டு. அங்கிருந்து கம்பியில் தட்டும் சத்தம் அவளுக்குக் கேட்டது.

ஒரு தட்டு.

சரி, நிறுத்துகிறாள் என்று நினைத்தாள்.

மறுபடி ஒரு தட்டு. உடனே இன்னொரு ஒற்றைத் தட்டு. பிறகு எண்ண முடியாதபடி தட்டல்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தன. ஓடும் பஸ்ஸில் யாரோ படிக்கட்டிலிருந்து விழுந்துவிட்டால் கண்டக்டர் அடிக்கும் மணி அது.

பொம்மை எழவில்லை. இதை எப்படி எழுதுவது? அவளுக்குக் கேட்டது, புரிந்தது, ஆனாலும் எழவில்லை. நோயாளி அசையக் கூடாது. செக்யூரிட்டியின் கை தோளுக்கு அடியில் இருந்தது. பாதி புரண்டிருந்தாள். அவர் புரட்டி முடிக்கட்டும் என்று உடம்பு தானாகவே காத்திருந்தது. ஒரு வருடப் பழக்கம். இடுப்பைக்கூடத் தூக்கிக் கொடுத்தாள்.

பிறகுதான் கட்டிலிலிருந்து குதித்து, காலைத் தாண்டி ஓடினாள்.

கண்டக்டரின் முகம் நிறம் மாறியிருந்தது. இடது கை கம்பியை விட்டுவிட்டுக் காற்றைப் பிடித்துக்கொண்டிருந்தது. எக்ஸ்பிரஸ் கையில் கிண்ணம், கிண்ணத்தில் அநேகமாக ஒன்றுமில்லை. நர்ஸுகள் ஓடி வந்தார்கள், குனிய வைத்து முதுகில் தட்டினார்கள், உறிஞ்சும் மெஷினைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். உயிர் இருந்தது. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நுரையீரலில் உணவு இறங்கிவிட்டது என்றார்கள். அந்த வாரம் முடிவதற்குள் கண்டக்டர் இறங்கிவிட்டார்.

"அவர் வயசு அப்படி" என்றார் நிர்வாகி. சாவுக்குக் காரணம் கேட்ட இடத்திலும் வயசைத்தான் சொன்னார்கள். வயசு வந்து நானில்லை என்று மறுத்துப் பேசவா போகிறது?

எக்ஸ்பிரஸ் துணி துவைக்கும் அறையில் போர்வை மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து அழுதாள்.

"நான் சரியாத்தானேக்கா கொடுத்தேன்? உனக்கு எப்படிக் கொடுப்பேனோ அப்படித்தானே கொடுத்தேன்? உனக்கு இறங்குச்சே, அவருக்கு ஏன்க்கா இறங்கல?"

பொம்மை அவள் தலையில் கை வைத்திருந்தாள். அந்தக் கேள்வியைக் கேட்டதும் கை அப்படியே நின்றுவிட்டது. தன் தொண்டை ஓடி ஓடி வழிவிட்டதெல்லாம் எங்கே போய் முடிந்தது என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. போர்வைக்கு அடியில் தூக்கிக் கொடுத்த இடுப்பு, நீட்டிக் கொடுத்த கை எல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தன. ஒரு வகுப்பு முழுவதும் அவளைப் புரட்டியது, அவளுக்கு ஊட்டியது, ஒருவரும் கற்றுக்கொள்ளவில்லை. நாளை அவர்கள் நிரந்தரமாக வார்டுக்குள் போவார்கள். அங்கே யாரும் இடுப்பைத் தூக்கிக் கொடுக்கப் போவதில்லை.

மறுநாள் சிஸ்டரிடம் போனாள்.

"சிஸ்டர், நான் உதவி பண்ணிட்டேன்."

"யாருக்கு?"

"எல்லாருக்கும். படுத்துக்கிட்டு. நான் முழுங்கிட்டேன் சிஸ்டர். அவங்களுக்கு இன்னும் வரல. முதல்லேர்ந்து சொல்லிக் கொடுங்க."

சிஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்த கண்ணாடியையே மறுபடி துடைத்தார். அவருக்குப் புரியவில்லை என்று சொல்ல முடியாது. அத்தனை வருட அனுபவக்காரருக்கு அரை வாக்கியம் போதும்.

"பரீட்சை வாசல்ல வந்து நிக்குது. இப்ப வந்து இதைச் சொல்றே. ராத்திரி ஷிப்ட்ல ஒரு வார்டுக்கு ஒரே ஒருத்திதான் இருக்கா, தெரியுமா? அவ ஒண்ணுக்குப் போனாக்கூட வார்டு அனாதைதான். அரைகுறைக் கையாவது வரட்டும். வேலையில போட்டா தானா வந்துடும்."

"இன்னொரு கண்டக்டர் மேலயா பழகி வரணும் சிஸ்டர்?"

"வாயை மூடு. நீ பொம்மை. பொம்மையா இரு. உனக்கும் பரீட்சை இருக்கு, உனக்கும் அந்த ரூம் வேணுமில்ல?"

வேண்டும்தான். மோட்டார் சத்தமில்லாத ஓர் அறை வேண்டும்.

பரீட்சைக்கு முந்தின மாலை எக்ஸ்பிரஸைக் குழாயடியில் பிடித்து நிறுத்தினாள்.

"நாளைக்கு நான் உதவ மாட்டேன்டி. இப்பவே சொல்லிட்டேன். மெதுவாக் கொடு. என் தொண்டையைப் பாத்துக் கொடு."

எக்ஸ்பிரஸுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழுது வீங்கிய முகத்தில் அன்றுதான் முதல் சிரிப்பு.

"நீ என்னக்கா உதவினே? நீ சும்மா கிடந்தே!"

பரீட்சை எடுக்க வந்த அம்மாள் மலை மாதிரி இருந்தார். அவர் உட்கார்ந்ததும் நாற்காலி ஒரு முறை முனகிவிட்டு விதியே என்று அடங்கியது. பொம்மை கட்டிலில் ஏறிப் படுத்தாள். இந்த முறை உடம்பை முழுவதுமாக விட்டாள். தண்ணீரில் ஊறிய துணியாகக் கிடந்தாள். எடையே இல்லாதவள் என்று எல்லோரும் நினைத்திருந்த உடம்பு கட்டிலோடு ஒட்டிக்கொண்டது.

முதலில் எக்ஸ்பிரஸ். தோளைத் தள்ளினாள், வரவில்லை. இழுத்தாள், இடுப்பு கிடந்த இடத்திலேயே கிடந்தது, கீழே கை மாட்டி முறுக்கிக்கொண்டது.

"அக்கா, தூக்கு" என்று காதருகே கிசுகிசுத்தாள். அப்படிக் கிசுகிசுத்த பிறகுதான், தான் என்ன கேட்கிறோம் என்பது அவளுக்கே உறைத்தது போலிருந்தது. ஒரு வினாடி இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பொம்மை கண்ணைச் சிமிட்டவில்லை.

"நோயாளியோட கை அடியில மாட்டியிருக்கு. சரி, ஊட்டுங்க" என்றார் பரீட்சை அம்மாள்.

எக்ஸ்பிரஸ் பயந்துபோனாள். பயந்தால் கை மெதுவாகத்தானே போக வேண்டும்? அந்தக் கை பயந்தால் இன்னும் வேகமாகப் போகும். முதல் ஸ்பூன் வந்தது. பொம்மை அதை வாயில் வைத்திருந்தாள். தொண்டையை அசைக்கவில்லை. இரண்டாவது வந்தது, மூன்றாவதும் வந்தது. விழுங்கிவிடு விழுங்கிவிடு என்று தொண்டை கெஞ்சியது. பிடித்து நிறுத்தினாள். அப்போது மூச்சு வாங்க வேண்டியிருந்தது. வாங்கினாள். மூச்சோடு அதுவும் உள்ளே போயிற்று.

நடிப்பு அதோடு முடிந்தது. கூரை கருத்துக்கொண்டு வந்தது. காது அடைத்தது. அவள் இடது கை தானாகவே கட்டில் கம்பியைத் தேடி அடித்தது. ஒரு தட்டு. இன்னொரு தட்டு. எக்ஸ்பிரஸ் கையிலிருந்து கிண்ணம் விழுந்தது. செக்யூரிட்டிதான் ஓடி வந்து அவளைக் குனிய வைத்து முதுகில் ஓங்கி ஓங்கி அறைந்தார். அவருக்குப் புரட்டத்தான் வராது, அடிக்க நன்றாக வரும். அடைத்திருந்தது வெளியே வந்து விழுந்தது.

மற்றவர்களும் அன்று தேறவில்லை. முகம் கழுவிவிட்டு வந்து பொம்மை மறுபடி படுத்தாள். ஆள் மாறி ஆள் வந்தார்கள், அவள் கிடந்தபடி கிடந்தாள். கடைசியில் அவள் முறை. அவளுக்கு யார் படுப்பது? வகுப்பில் எல்லோரும் சுவரைப் பார்த்தார்கள். பரீட்சை அம்மாளே எழுந்து கட்டிலில் ஏறினார்.

பொம்மை அவர் தோளில் கை வைத்துத் தள்ளினாள். மறுபக்கம் போய் இழுத்தாள். எங்கே முட்டி போட வேண்டும், எப்படிப் பாரத்தை வாங்க வேண்டும் என்று அவளுக்குச் சொல்லத் தெரியும். செய்யத் தெரியாது. புரளத்தான் கற்றிருந்தாளே தவிர, புரட்ட யாரும் அவளுக்கு ஒரு நாள்கூட வாய்ப்புக் கொடுத்ததில்லை. அம்மாள் கூரையைப் பார்த்தபடி பொறுமையாகக் காத்திருந்தார்.

"போதும்மா, உன் முதுகு போயிடும்" என்றார் கடைசியில்.

அண்ணன் வீட்டில் அன்று மோட்டார் ஓடவில்லை. அண்ணிதான் ஓடினாள்.

"பொம்மையாப் படுக்கக்கூடத் தெரியலையா உனக்கு? அதுலயுமா பெயில்?"

இல்லத்தில் நிர்வாகி மேசையைத் தட்டினார். பொம்மையே சதி செய்துவிட்டது என்றார். அந்த வாரம் அதிசயம் நடந்தது. நிஜப் பொம்மையின் மீதி உடம்பு வந்து சேர்ந்தது, கால்கள் இரண்டும் சேர்த்தே. ஆக மொத்தம் மூன்று கால். மூன்றாவதைக் கதவுக்கே விட்டார்கள். தலையணை கனம்தான் இருந்தது அந்தப் பொம்மை. ஒரு விரலால் தள்ளினால் உருண்டது. வாயில் ஊற்றியதெல்லாம் ஒரு குழாய் வழியாகக் கட்டிலுக்கு அடியில் இருந்த வாளியில் இறங்கியது. எவ்வளவு வேகமாக ஊற்றினாலும் இறங்கியது. மறுபரீட்சைக்கு வேறொருவர் வந்தார். எல்லோரும் தேறினார்கள். எக்ஸ்பிரஸ் முதலாவதாகத் தேறினாள்.

பொம்மையை மறுபரீட்சைக்குக் கூப்பிடவில்லை. ஒத்துழைப்பு போதாது என்று காரணம் சொன்னார்கள். ஆனால் வெளியே அனுப்பவும் இல்லை. கைகள் போதாத இடம் அது. பெருக்கித் துடைக்கும் வேலைக்கு வந்து போகச் சொன்னார்கள். அண்ணன் வீட்டிலிருந்து வந்து போனாள்.

சன்னலோரக் கட்டிலில் ஒரு பாட்டியம்மாளைக் கொண்டுவந்து படுக்க வைத்தார்கள். ஒரு காலத்தில் தொலைபேசி இணைப்பகத்தில் வேலை பார்த்தவராம். அவருக்குத் தட்டக்கூடக் கை இல்லை, இரண்டும் போயிருந்தன. ஊட்டிவிட வந்தவள் எக்ஸ்பிரஸ். புதுச் சீருடை, மார்பில் பெயர் அட்டை. குடியிருப்பு அறைக்குக் குழந்தை வந்துவிட்டது என்று பொம்மைக்கு வேறு யாரோ சொல்லித்தான் தெரியும். பரீட்சைக்குப் பிறகு அவர்களுக்குள் பேச்சில்லை.

பொம்மை துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கட்டிலின் மறுபக்கம் போய் நின்றாள்.

"பெருக்கற வேலையைப் பாரு" என்றாள் எக்ஸ்பிரஸ். நிமிர்ந்து பார்க்கவில்லை.

பொம்மை நகரவில்லை. இரண்டு விரலைப் பாட்டியம்மாளின் தொண்டைமேல் பூ மாதிரி வைத்தாள். மற்றொரு கை கம்பியில் இருந்தது. முதல் ஸ்பூன் உள்ளே போனது. அடுத்த ஸ்பூன் அவசரமாகக் கிண்ணத்திலிருந்து எழுந்தது. பொம்மை கம்பியில் ஒரு தட்டு தட்டினாள்.

ஸ்பூன் நின்றது. பாதி வழியில், காற்றில் நின்றது. எக்ஸ்பிரஸின் கண் அந்த விரல்கள்மேல் இருந்தது, அவள் உதடு இறுகியிருந்தது. வார்டில் யாரோ இருமினார்கள், யாரோ ஒரு பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள், போக ஆளில்லை. விரலுக்கு அடியில் தொண்டை மெல்ல, மிக மெல்ல ஏறி இறங்கியது.

பொம்மை இரண்டு தட்டு தட்டினாள். ஸ்பூன் கிளம்பியது.